பேரறியா அரங்கு

மே 14, செவ்வாய்

நாளைக் காலை கொல்லிமலை. மூன்று நாள் கூட்டத்துக்கு நான் நாலு ஜிப்பா எடுத்துவைப்பதைப் பார்த்த சௌந்தரி, "ஒண்ணு சாணியடி வாங்கறதுக்குங்களா?" என்று கேட்டாள். கரூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். இரண்டையும் பொருட்படுத்தாத ஒரே ஆள் என் மனைவி என்று சொல்லமாட்டேன். எங்கள் துறையில் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

கூட்டத்தின் பெயர் நீளம்: ஆசிய மொழிகள், ஏடுகள், பண்பாடுகள் குறித்த ஒன்றுகூடல். ஆள் குறைவு, பதினாறே பேர். பதாகை கிடையாது, பொன்னாடை கிடையாது, குத்துவிளக்கு கிடையாது, சான்றிதழும் கிடையாது. சான்றிதழ் இல்லை என்றதுமே முக்கால்வாசிப் பேராசிரியர்கள் கழன்றுகொள்வார்கள். மிச்சம் இருப்பவன் ஒன்று படிப்பாளி, இல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காதவன். பன்னிரண்டு வருஷமாக ஒருங்கிணைப்பாளன் நான்தான். நான் எந்த வகை என்பதைச் சௌந்தரியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் விசேஷம் பேரறியா அரங்கு. வந்த கட்டுரைகளில் ஒன்றை நான் எடுத்து, எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு எல்லோருக்கும் அனுப்புவேன். மூன்றாம் நாள் மதியம் வட்டமாக உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவரும் வட்டத்தில்தான் இருப்பார். வாயைத் திறக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. முடிந்ததும் எழுந்து ஒரு கும்பிடு. அன்றைக்கு முதல் டீ அவருக்கு. அகந்தைக்கு இதைவிட நல்ல பேதி மருந்து இல்லை என்று முதல் வருஷமே பேசியிருக்கிறேன். என் கட்டுரையை நான் ஒருபோதும் தேர்ந்தெடுத்ததில்லை.

இந்த வருஷம் உமாபதியுடையது. சீர்காழிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். முனைவர் பட்டம்கூடக் கிடையாது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த பெண்களின் ஒப்பாரியைப் பற்றி எழுதியிருக்கிறார். பாதி தமிழ், பாதி பர்மியம். பெயரை எடுத்தால் மட்டும் போதாது, அடையாளத்தையும் எடுக்க வேண்டும். பாடிய பெண்ணைப் பற்றி முதல் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. அதைத் தூக்கிவிட்டு, 'தகவலாளி 1, பெண், வயது 81' என்று போட்டேன். நாற்பது பக்கத்தில் நான் வாசித்தது முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான். இது நோட்டோடு இருக்கட்டும்.

மே 15, புதன்

எழுபது கொண்டை ஊசி வளைவு. பேராசிரியர் கலியமூர்த்தி முப்பத்தெட்டில் ஒரு தடவை, ஐம்பத்திரண்டில் ஒரு தடவை வேன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். பின் சீட்டிலிருந்த பேராசிரியர் அருமைநாயகம், தஞ்சாவூர்ச் சரக்கு வெளியே வருகிறது, எல்லோரும் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இவர்கள் சண்டைக்கு வயது பத்தொன்பது. கலியமூர்த்தி தஞ்சாவூர், வடமொழிக்காரர். அருமைநாயகம் பாளையங்கோட்டை, மலாய் மொழிக்காரர். ஒரு கருத்தரங்கில் கலியமூர்த்தி அருமைநாயகத்தின் மைக்கைப் பிடுங்க, அருமைநாயகம் அவர் மேல் தண்ணீர்ச் சொம்பை வீச, சொம்பு குறிதவறித் தலைமை தாங்கியவரின் மூக்கில் இறங்கியது. மூன்று தையல். அன்றிலிருந்து ஒருவர் எழுதியதை மற்றவர் உயிரோடு விட்டதில்லை. நான் இருவருக்கும் நண்பன். அதாவது, இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் சேர்க்கிற தபால்காரன். தபாலில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவுவேன் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது.

உமாபதி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மொட்டைத் தலை. "பழனியா, திருப்பதியா? கட்டுரை தேறணும்னு வேண்டுதலா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். தனியாக ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றார். அப்புறம் என்றேன். பலாப்பழம் வந்துவிட்டது.

மே 16, வியாழன்

காலையில் நல்ல மழை. விடுதியில் சமைக்கிற மாரக்கா, எண்ணெய் தடவின வெட்டுக்கத்தியால் பலாவைப் பிளப்பதை நாங்கள் நாலு பேர் வாய் பார்த்தபடி நின்றோம். ஒரே போடு. பழம் இரண்டாக வாயைப் பிளந்தது. "இப்படி வேடிக்கை பாக்கற நேரத்துல சொளையை எடுத்துக் குடுத்தா வேலை முடிஞ்சிரும்" என்றாள். கலைந்துவிட்டோம்.

பாலக்காட்டு மலையாள வாத்தியார் கிரந்த எழுத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். நாலு பேர் விழித்திருந்தோம், அவரையும் சேர்த்து.

மதியம் வராந்தாவில் மிளகு ரசம். நாளைய கட்டுரை யாருடையது என்று அருமைநாயகம் கேட்டார். வருஷா வருஷம் கேட்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உமாபதியிடமும் பேசினேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

மே 17, வெள்ளி

எழுத முடியவில்லை. ஜிப்பாவை வாளியில் ஊறப் போட்டிருக்கிறேன். இரண்டு முறை தண்ணீர் மாற்றியாயிற்று. இன்னும் சிவப்பாகத்தான் வருகிறது.

மே 18, சனி

எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்கு வட்டம் கூடியது. பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் அருமைநாயகம். அவர் பேசினால் மற்றவர்களுக்கு எலும்புதான் மிஞ்சும். அன்றைக்கு எலும்பையும் விடவில்லை. அடிக்குறிப்பு, மேற்கோள், பர்மியச் சொல்லுக்குப் பொருள் என்று ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் அடித்தார். முழு நேரமும் கலியமூர்த்தியைப் பார்த்தே பேசினார். கலியமூர்த்திக்கு ஏன் என்று விளங்கவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உமாபதி எனக்கு நேரெதிரே இருந்தார். சொன்ன ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். தன் மேல் விழுகிற அடியைத் தானே வரிசை எண் போட்டு எழுதுகிற மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு 'தகவலாளி 1'. அப்படி ஒரு பெண்ணே கிடையாது, அறையில் உட்கார்ந்து ஜோடித்தது என்றார் அருமைநாயகம். ஒரே மூச்சில் இரண்டு மொழியில் எவள் அழுவாள்? கொஞ்சம் நிறுத்தினார். அந்த மாதிரி அவர் நிறுத்தினால் பின்னால் வாணவெடி இருக்கிறது என்று அர்த்தம்.

"ரெண்டு பாஷையில அழுதான்னா, ரெண்டு பாஷையிலயும் புருஷன் வச்சிருந்திருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்பு கொஞ்சம் சத்தமானது, ஊரறிந்தது. ஆகவே அது முதலில் கேட்டிருக்கலாம்.

உமாபதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு வெளியே போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் மாரக்காவின் வெட்டுக்கத்தி இருந்தது.

அருமைநாயகம் அப்போதும் கலியமூர்த்தியைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். முதல் வெட்டு தோளில் விழுந்தது. என்னவோ ஈரத்துணியை உதறின மாதிரி ஒரு சத்தம். அவர் திரும்பி வலது கையைத் தூக்கினார். இரண்டாவது கையில். மூன்று விரல்கள் தரையில் கிடந்த கட்டுரைத் தாள்களின் மேல் போய் விழுந்தன. மூன்றாவது தலைக்கு ஓங்கியது. கலியமூர்த்தி குறுக்கே பாய்ந்தார். மைக்கைப் பிடுங்கின அதே ஆள். கத்தி அவருடைய வலது முழங்கையில் எலும்பு தெரிய இறங்கியது.

அந்த ரத்தத்தைப் பார்த்ததும் உமாபதி கத்தியைக் கீழே போட்டுவிட்டார். இதை எழுதிவைக்க வேண்டும்: கத்தியைக் கீழே போட்டுவிட்டார். என்னைப் பார்த்து, "அது எங்கம்மா, ஐயா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு 'தடுத்தோம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பாலக்காட்டுக்காரர் பூட்ஸ் காலால் தடுத்தார். இன்னொருவர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தடுத்தார். முப்பது வருஷமாகக் கோபத்தை அடிக்குறிப்பில் மட்டுமே காட்டிப் பழகிய பதின்மூன்று பேருக்கு ஒரு உடம்பு கிடைத்தது. விழுந்த பிறகும் மிதித்தார்கள். பல் ஒன்று உருண்டு கதவோரம் போனது. எனக்கு வழியில் நாற்காலி ஒன்று இடைஞ்சலாக இருந்தது, எடுத்து நகர்த்தினேன்.

விரல்களைப் பொறுக்கியவள் மாரக்கா. பால் கவரில் போட்டுக் கட்டி, இன்னொரு கவரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதற்குள் வைத்து, "பத்திரமா கொண்டுபோங்க" என்று என் கையில் கொடுத்தாள். எழுபது வளைவும் அதை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். முன் சீட்டில் கலியமூர்த்தி தன் வேட்டியைக் கிழித்து அருமைநாயகத்தின் மணிக்கட்டில் கட்டி, நல்ல கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். "தூங்கிராத, டேய்" என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். இந்த முறை வாந்தி எடுத்தவன் நான்.

நாமக்கல்லில் டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மே 20, திங்கள்

மலை ஸ்டேஷனில் எல்லோரும் வாக்குமூலம் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் தமயந்தி என் பத்தியை வாசிப்பாராம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போதுகூட ஒரு ஜோக் சொன்னேன். சிரித்தார்.

உள்ளே போவதற்கு முன்னால் புளியமரத்தடியில் ஒரு பத்து நிமிஷம் பேசிக்கொண்டோம். உமாபதிக்கு இடது கண் போய்விட்டது என்று செய்தி வந்திருந்தது. கத்தியைக் கீழே போட்டவனை அடித்தோம் என்றால் பதின்மூன்று பேரும் உள்ளே போக வேண்டும். கொலை செய்யத் திட்டமிட்டு, ஊரிலிருந்தே கத்தியைப் பையில் கொண்டுவந்தவன், கடைசிவரை அதை விடவில்லை என்றால் நாங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். இத்தனை வருஷ ஒன்றுகூடலில் எல்லோரும் ஒத்துப்போன முதல் கருத்து இதுதான். ஒருங்கிணைப்பாளன் என்பதால் நான் முதலில் கையெழுத்திட்டேன்.

அது தன் கத்தி என்று மாரக்கா சொன்னாளாம். பன்னிரண்டு வருஷம் பலா வெட்டின கத்தி, பிடியில் தான் சுற்றின துணி அப்படியே இருக்கிறது என்றாளாம். பதின்மூன்று முனைவர்கள் ஒரு பக்கம், மாரக்கா ஒரு பக்கம். இன்ஸ்பெக்டர் எங்கள் பேச்சைத்தான் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஒரு வக்கீல் கணக்குச் சொன்னார். ஆத்திரத்தில் செய்தது என்றால் நீதிபதி கொஞ்சம் யோசிப்பார். திட்டமிட்டு வந்தது என்றால் பத்து வருஷத்துக்குக் குறையாதாம். உமாபதிக்கு ஐம்பது வயது.

மே 21, செவ்வாய்

சௌந்தரி ஜிப்பாவை எரித்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

மே 23, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. வலது கை போன இருவருக்கும் உரித்துச் சாப்பிடுகிற பழமாக வாங்கிப்போன புத்திசாலி நான்தான்.

அடுத்தடுத்த கட்டில். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நேரம் இருவரும் சேர்ந்து இருந்ததில்லை. கலியமூர்த்தியின் மனைவி கஞ்சியை அருமைநாயகத்துக்கு முதலில் ஊட்டினார். தபால்காரனுக்கு இங்கே வேலை இல்லை என்று எனக்கு வாசலிலேயே பட்டது. இவர்கள் நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அருமைநாயகம் கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "கட்டுரை கலியமூர்த்திதுன்னு எங்கிட்ட ஏன்வே சொன்னீரு?"

நான் பெயரைச் சொல்லவில்லை என்றேன். 'தஞ்சாவூர் வாசனை அடிக்குதே' என்று மட்டும்தான் சொன்னேன் என்றேன். கலியமூர்த்தியா என்று கேட்டவர் அவர்தான்.

"நான் கேட்டேன். நீரு என்ன செய்தீரு?"

நான் சிரித்தேன். 'நான் சொன்னதா வெளிய சொல்லிராதீங்க' என்று வாயில் விரலை வைத்தேன்.

"அந்தப் பொம்பளை நெசமாட்டு இருக்கான்னு தெரிஞ்சிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பனா? இவன் ஜோடிச்ச பொம்பளைன்னுல்லா நினைச்சேன்." அவர் குரல் அங்கே உடைந்தது. விரல் போனதற்கு உடையாத குரல்.

கலியமூர்த்தி கட்டிலிலிருந்து இறங்கி வந்தார். இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். பழக்கமில்லாத கை, காதிலும் சேர்த்து விழுந்தது. இன்னும் ஒன்று. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கெளம்பு" என்றார். ஆரஞ்சையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பஸ்ஸில் ஒரு பழம் உரித்தேன். உதடு உள்ளே கிழிந்திருந்தது, எரிந்தது.

மே 28, செவ்வாய்

கட்டுரையை இன்றுதான் முழுதாக வாசித்தேன். நான் தூக்கின பத்தி மூலப்பிரதியில் அப்படியே இருக்கிறது:

'இவற்றைப் பாடியவர் என் தாயார் சிவபாக்கியம். 1965இல் இரங்கூனில் கப்பலேறும்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. மூத்த குழந்தையை அங்கே பெகு நகரில் புதைத்துவிட்டு வந்தார். குழந்தைக்குத் தெரிந்தது பர்மியம் மட்டுமே. தமிழில் அழுதால் அதற்குப் புரியாது என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடமெல்லாம் பர்மியத்தில் பாடுவார். உறவினர் கேட்க வேண்டிய இடத்தைத் தமிழில் பாடுவார்.'

எவள் அழுவாள் என்று கேட்டதற்கு இந்தப் பத்தி போதும். முதல் பக்கத்திலேயே பதில் இருந்திருக்கிறது. நான் எடுத்துவிட்டேன், விதிமுறைப்படி.

சௌந்தரி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அவரு உங்ககிட்ட வந்து பேசினாருன்னு சொன்னீங்களே, என்னங்க பேசினாரு?" என்றாள். பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். அவள் அசையவில்லை.

சரி. பதினாறாம் தேதி, மழை விட்டதும், கிணற்றடியில் நிறுத்திக் கேட்டார். "அம்மா தவறி இருபது நாள்தான் ஆகுது, ஐயா. இந்த வருஷம் மட்டும் என் கட்டுரையை விட்டுருங்க. அவங்க பாட்டைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் இப்ப என்னால தாங்க முடியாது." நான் அவர் தோளில் தட்டி, ஆராய்ச்சியாளனுக்கு அம்மா கிடையாது, தரவுதான் உண்டு என்றேன். நல்ல வரி என்று தோன்றியது. பத்திரிகைப் பத்திக்கு ஆகும் என்று செல்போனில் குறித்தும் வைத்தேன்.

அதற்கு அப்புறம்தான் வராந்தா, ரசம், அருமைநாயகம்.

சௌந்தரி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் ஒரே பாத்திரத்தை.

ஜூன் 3, திங்கள்

மறுபடியும் மலை. கத்தி மாரக்காவுடையது, வெட்டினவர் தானாகவே கீழே போட்டார், நாங்கள் கூடிப் பேசிப் பொய் சொன்னோம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். இதுவும் பத்திக்கா சார் என்று கேட்டார். இல்லை என்றேன். சிரிப்பை நிறுத்த அவருக்குக் கொஞ்சம் நேரமானது. முதலில் பொய் சொன்னதற்கு என் மேல் தனியாக ஒரு வழக்கு வரும் என்றார். கட்டுரையைப் பற்றி அருமைநாயகத்திடம் நான் கொளுத்திப்போட்டதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

கீழே விழுந்தவரை அடித்தது யார் யார் என்றார். எல்லோரும்தான் என்றேன். எல்லோரும் என்று ஒருத்தர் கிடையாது சார் என்றார். பார்க்கவில்லை என்றேன்.

இறங்கி வரும்போது போன் வந்தபடி இருந்தது. பன்னிரண்டு நண்பர்களும் கூப்பிட்டார்கள். பாலக்காட்டுக்காரர் தமிழில் இவ்வளவு சுத்தமாகத் திட்டுவார் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 6, வியாழன்

சிறையில் உமாபதியைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம். இடது கண்ணில் பஞ்சு. தலையில் முடி ஒரு விரல் நகம் அளவுக்கு முளைத்திருந்தது. நான் போய்க் கத்தியைப் பற்றிச் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது. கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள எனக்கு இடமில்லை. அருமைநாயகம் ஐயாவின் கை எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார்.

பிறகு வலைக்குப் பக்கத்தில் வந்தார்.

"வக்கீல் ஒண்ணு கேக்கறாரு, ஐயா. மத்தவங்க உதைச்சது உடம்புலதான். கண்ணு போனது நாற்காலியால. மூணு அடி. கால் உடைஞ்ச நாற்காலியைத் திருப்பிப் புடிச்சு மூஞ்சியிலயே போட்டாங்க. நீங்க இருந்த பக்கத்துல இருந்துதான் வந்துச்சு. யாருன்னு பாத்தீங்களா?"

எப்போதும் வாயில் ஒன்று தயாராக இருக்கும். இல்லையென்றால் இரண்டு இருக்கும். இன்றைக்கு வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவர் அன்றைக்கு என்னைப் பார்த்துத்தான் 'அது எங்கம்மா' என்றார். வட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அடுத்து, 'நேத்தே உங்ககிட்ட சொன்னேனே, ஐயா' என்றுதான் வரும். அந்த வாயைத்தான் குறிவைத்தேன். கண்ணில் பட்டது.

"நான்தான்" என்றேன்.

உமாபதி இருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். வலையில் காறித் துப்புவார் என்றும் காத்திருந்தேன். பின்னால் யாரோ ஒரு கைதியின் மனைவி பள்ளிக்கூடப் பீஸைப் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுங்க" என்றார். "வக்கீல் வெளியதான் இருக்காரு."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்ல வேண்டாம். நீங்க இதுவரைக்கும் சொன்னது போதும். எழுதிக் குடுங்க."

காவலர் வந்து தொட்டார். அவர் திரும்பி நடந்தார். இடது பக்கச் சுவர் தெரியாமல் தோளை இடித்துக்கொண்டு போனார்.

சிறைக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பது வரி எழுதினேன். வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தார். நின்றபடியே இரண்டு முறை வாசித்தார்.

"இதைக் குடுத்தா உங்களைத்தான் முதல்ல புடிப்பாங்க. தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். தேதி போட மறந்திருந்தேன். போட்டுக் கொடுத்தேன்.